உறைபனியில் ஓர் உயிர் – அத்தியாயம் 7: நிமிடத்துக்கு ஒரு டிகிரி

போன வாரம், லேபிள் உரிந்துபோன ஒரு பாட்டிலோடு நிறுத்தியிருந்தோம். லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் கிறிஸ் போல்ஜும் ஆட்ரி ஸ்மித்தும் சேவலின் விந்தைப் பழச்சர்க்கரைக் கரைசலில் உறையவைத்துப் பார்த்து அலுத்திருந்தார்கள். குளிர் அறையில் கிடந்த பழைய பாட்டிலில் இருந்து ஊற்றினால் மட்டும் விந்தணுக்கள் பிழைத்தன. புதிதாகச் சர்க்கரை கரைத்து ஊற்றினால் செத்தன. அடியில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. அதில் சர்க்கரையே இல்லை! இருந்தது கிளிசரின். பாட்டில் மாறியிருக்கிறது. 1949-இல் உலகம் அறிந்துகொண்ட அந்தத் தற்செயலில்தான் உறைவிந்துத் தொழில் பிறந்தது.

போடிநாயக்கனூரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தொழிலை நான் விளக்க வேண்டியதில்லை. பசு பருவத்துக்கு வந்து கத்தினால், சினை ஊசிக்குக் கால்நடை மருந்தகத்துக்குத்தான் ஓட்டிப்போகிறோம். கேனின் மூடியைத் திறந்ததும் விளிம்பில் வெள்ளைப் புகை வழியும். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்து உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போடுவார்கள். ஊட்டியிலோ ஈச்சங்கோட்டையிலோ என்றைக்கோ எடுத்த காளையின் விந்து, நம் மலையடிவாரத் தொழுவத்தில் கன்றாகிறது.

ஆனால் விந்தை உறையவைத்தவர்களால் கருவை உறையவைக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் முடியவில்லை. விந்தணுவில் தண்ணீர் சொற்பம். கருவின் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிறைந்த பெரிய செல். அந்தத் தண்ணீர் உள்ளேயே பனிக்கட்டியானால் செல் கிழிந்துபோகும்.

அந்தப் போராட்டம் எலியின் கருவோடு நடந்தது. இத்தனை பாடு எலிக்கருவுக்கு எதற்கு? 1947 அக்டோபரில் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பெரிய காட்டுத்தீ. ஜாக்சன் ஆய்வகம் எரிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்த எலி வம்சங்கள் கூண்டோடு கருகின. புற்றுநோய், மரபு நோய், உறுப்பு மாற்றம் என்று எத்தனையோ ஆராய்ச்சிகள் அந்த எலிகளை நம்பித்தான் நடந்தன. முன்பு அங்கிருந்து எலி வாங்கியவர்கள் அவற்றின் வாரிசுகளைத் திருப்பி அனுப்பியதால் ஆய்வகம் பிழைத்தது. ஒரு வம்சத்தை உயிரோடு காக்கக் கூண்டு வேண்டும், தீனி வேண்டும், ஆள் வேண்டும், தீயும் நோயும் வராத அதிர்ஷ்டமும் வேண்டும். கருவாக உறையவைத்துவிட்டால் ஒரு கேன் போதும்.

இனி டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜுக்கு வாருங்கள். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய ஊர். போர் முடிந்ததும், கதிர்வீச்சு பரம்பரையை எப்படிக் கெடுக்கிறது என்று அறிய வில்லியம் ரஸ்ஸலும் லியான் ரஸ்ஸலும் அங்கிருந்த ஆய்வகத்தில் பெரிய எலிப்பண்ணை வைத்தார்கள். அதே ஆய்வகத்தில் பீட்டர் மேஸர் என்பவர் வேறொரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். செல்லைக் கொல்வது குளிரா, தண்ணீரா?

தண்ணீர்தான் என்பது அவர் கணக்கு. 1963-இலேயே அதைச் சமன்பாடாக எழுதிவிட்டார். வெளியே முதலில் பனி கட்டினால், செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வு வழியே மெல்ல வெளியேறும். அதற்கு அவகாசம் தர வேண்டும். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பச்சைக்காயில் இருக்கும் ஈரம் பக்குவமான சூட்டில் நிதானமாக இறங்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போகும், ஏலத்தில் விலையும் போகும். மேஸர் குளிரில் செய்யச் சொன்னதும் இந்தப் பக்குவத்தைத்தான்.

1971-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் விட்டிங்ஹாம் என்ற கால்நடை மருத்துவர் எலிக்கருவை மைனஸ் 79 வரை உறையவைத்து எழுப்பியதாக அறிவித்தார். மறு ஆண்டு அவர் ஓக் ரிட்ஜில் மேஸரோடும் ஸ்டான்லி லீபோவோடும் ஒரே மேஜையில் இருந்தார். கருவைப் பற்றித் தெரிந்தவரும் பனியைப் பற்றித் தெரிந்தவர்களும் சேர்ந்தார்கள்.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கருக்கள் சின்னஞ்சிறு குழாய்களில் இறங்கின. கிளிசரினுக்குப் பதில் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம். பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே வந்ததும் பனிக்கட்டித் துணுக்கு ஒன்றைத் தொட்டுவைத்து, செல்லுக்கு வெளியே பனி கட்டத் தொடங்கவைத்தார்கள். பிறகு நிமிடத்துக்கு 0.3 முதல் 2 டிகிரி வரை மட்டுமே இறக்கம். 0.3 என்ற வேகத்தில் 80 டிகிரி இறங்க ஏறக்குறைய நாலரை மணி நேரம். அதன் பிறகே திரவ நைட்ரஜன். சில கருக்களை இன்னும் கீழே, திரவ ஹீலியத்தின் மைனஸ் 269 வரை கொண்டுபோனார்கள். எழுப்புவதிலும் அதே நிதானம். நிமிடத்துக்கு 4 முதல் 25 டிகிரி.

எட்டு நாள் வரை உறக்கத்தில் வைத்து எழுப்பிய கருக்கள் 2500-க்கும் மேல். அவற்றில் 50 முதல் 70 சதவீதம் கண்ணாடித் தட்டில் மறுபடி பிளந்து வளர்ந்தன.

இங்கேயே நிறுத்தியிருந்தாலும் கட்டுரை வெளியாகியிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை, அதற்காகவே நான் அவர்களை மதிக்கிறேன். தட்டில் பிளக்கும் கருவெல்லாம் உயிராகிவிடாது. அதனால் பிழைத்தவற்றில் சுமார் ஆயிரத்தை வாடகைத்தாய் எலிகளுக்குள் வைத்தார்கள். எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம். அதுவரை காத்திருப்பதைத் தவிர யாருக்கும் வேலை இல்லை.

65 சதவீதத் தாய்கள் சினையாகின. அவற்றில் வைத்த கருக்களில் 40 சதவீதத்துக்கு மேல் குறையில்லாத குஞ்சுகளாக முழு வளர்ச்சி அடைந்தன. மைனஸ் 269-ஐப் பார்த்துத் திரும்பியவையும் ஆயிரத்தில் அடக்கம். 1972 அக்டோபர் 27, ‘சயின்ஸ்’ இதழ் இந்தச் செய்தியைச் சுமந்து வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் இயன் வில்மட் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். பின்னாளில் குளோனிங் முறையில் டாலி ஆட்டைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர்தான் அவர். 1973-இல் உறைந்த கருவிலிருந்து ஒரு கன்றும் பிறந்தது.

எலி, கன்று. அடுத்தது?

1978 ஜூலை 25. இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3, துர்கா பூஜைக் காலத்துக் கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை. துர்கா என்றே அழைத்தார்கள். மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், உறைவியல் அறிந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா மூவரும் சொன்னது எல்லாரையும் திடுக்கிடவைத்தது. இந்தக் குழந்தை 53 நாள் உறைநிலையில் இருந்த கருவாம். பயன்படுத்தியது, எலிகளைக் காப்பாற்றிய அதே டி.எம்.எஸ்.ஓ.!

ஓக் ரிட்ஜ் கேட்ட சாட்சி, உயிரோடு பிறந்த குட்டி. கொல்கத்தாவில் அந்தச் சாட்சி தாயின் மடியில் அழுதுகொண்டிருந்தது. ஆனால் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. நவம்பர் மாதம், தன் குறிப்புகளோடு சுபாஷ் அந்தக் குழுவின் முன்னால் நின்றார். தலைமை நாற்காலியில் இருந்தவர் மருத்துவர் அல்ல, ரேடியோ இயற்பியல் பேராசிரியர். அவர்கள் கேட்ட கேள்விகள்...

(தொடரும்)