மனச்சோர்வுக்கு அறிதுயில் சிகிச்சை: ஒரு வரலாறு

அறிதுயில் சிகிச்சை என்பது ஒருவரது கவனத்தை ஒன்றில் குவியச் செய்து, அந்நிலையில் கருத்தேற்றங்களைக் கூறி நோய்க்குறிகளைத் தணிக்க முயலும் உளச்சிகிச்சை முறையாகும். தமிழில் ஹிப்னாடிசம், மெஸ்மரிசம், மனோவசியம் என்ற பெயர்களிலும் இது வழங்குகிறது. இவற்றுள் மனோவசியம் என்ற சொல் தவறான எண்ணத்தைத் தருவது. இங்கு எவரும் எவரையும் வசியம் செய்வதில்லை. அறிதுயில் என்பது திருமாலின் யோக நித்திரையைக் குறித்த பழஞ்சொல். உறங்குவது போலத் தோன்றினாலும் அறிவு விழித்திருக்கும் நிலை என்பதால் அது இங்கு நன்கு பொருந்துகிறது.

இம்முறைக்கு ஏறத்தாழ 250 ஆண்டு வரலாறு உண்டு. வலி, வலிப்பு, வாதம் என்று பலவற்றுக்கும் இதைப் பயன்படுத்திய மருத்துவர்கள், மனச்சோர்வை மட்டும் நெடுங்காலம் விலக்கியே வைத்திருந்தனர். அந்த விலக்கு ஏன் ஏற்பட்டது, எவ்வாறு தளர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி.

காந்தமும் கற்பனையும்

வியன்னாவில் மருத்துவராக இருந்த பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் (1734–1815), உடலில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம் தடைபடுவதே நோய் என்று நம்பினார். 1778இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்த அவரிடம் கூட்டம் குவிந்தது. 1784இல் பதினாறாம் லூயி மன்னர் இதை ஆராயக் குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியலாளர் லவாய்சியே, வானியலாளர் பெயி ஆகியோர் அதில் இருந்தனர்.

குழுவின் சோதனைகளுள் ஒன்று இன்றைய மருந்து ஆய்வுகளுக்கு முன்னோடி எனத்தக்கது. பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்திற்கு மட்டும் மெஸ்மரின் சீடர் 'காந்தம்' ஏற்றினார். கண்கள் கட்டப்பட்ட 12 வயதுச் சிறுவனை வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். அது காந்தம் ஏற்றப்படாத மரம்! காந்தம் என்று எதுவும் இல்லை, விளைவுகள் கற்பனையால் வருபவை என்று குழு முடிவு செய்தது. முடிவு சரியே. ஆனால் வெறும் கற்பனை ஒரு சிறுவனை மயங்கி விழச் செய்யும் என்றால், அக்கற்பனையை ஏன் மருத்துவத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கேள்வியைக் குழு தொடரவில்லை.

அதே ஆண்டில் பியூசேகூர் பிரபு, தம் பண்ணையைச் சேர்ந்த விக்டர் ராஸ் என்ற உழவரை அமைதியான துயில்நிலைக்குக் கொண்டு சென்றார். விழித்திருக்கும்போது வாய் திறக்கத் தயங்கிய விக்டர், அந்நிலையில் தம் சகோதரியுடன் இருந்த மனத்தாங்கலை எடுத்துச் சொன்னார். வலிப்பும் கூச்சலும் தேவையில்லை, பேச்சே போதும் என்பது இங்கு முதன்முதலாகத் தெரிந்தது.

கோவாவில் கண்டோலிம் என்னும் ஊரில் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா, 1813இல் பாரிசில் செயல்விளக்கங்கள் நடத்தினார். ஆற்றல் செய்விப்பவரிடம் இல்லை, துயில்பவரின் மனத்திலேயே உள்ளது என்பது அவரது வாதம். பின்னாளில் நிலைபெற்ற கருத்தும் இதுவே. 1843இல் மான்செஸ்டர் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, துயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹிப்னாடிசம்' என்ற பெயரைப் பரப்பினார். இது உறக்கமே அன்று என்பதை உணர்ந்து சில ஆண்டுகளில் பெயரை மாற்றவும் முயன்றார், முடியவில்லை. 1845 முதல் வங்காளத்தில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் இம்முறையில் வலியின்றி அறுவை செய்து புகழ்பெற்றார். ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததும் அந்த முயற்சி மறைந்தது.

பாரிசில் சார்கோ இதை நரம்பு நோயின் அறிகுறி என்றார். நான்சி நகரில் பெர்ன்ஹைம், யாவரிடமும் உள்ள இயல்பான கருத்தேற்பு என்றார். இருவரிடமும் பயின்ற சிக்மண்ட் பிராய்டு 1890களில் இம்முறையைக் கைவிட்டு உளப்பகுப்பாய்வை உருவாக்கினார். அவர் கைவிட்டதை உளவியல் உலகமும் அரைநூற்றாண்டு கைவிட்டது. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1955இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் இதன் மருத்துவப் பயனை ஏற்ற பிறகே நிலை மாறியது.

மனச்சோர்வு விலக்கப்பட்டது ஏன்?

அதன் பின்னரும் பாடநூல்கள் பல மனச்சோர்வு நோயாளிகளுக்கு அறிதுயில் ஆகாது என்றே எச்சரித்தன. அடக்கிய உணர்வுகள் திடீரென வெளிப்பட்டால் தற்கொலை எண்ணம் வலுக்கும் என்ற அச்சம் அதற்குக் காரணம். மனச்சோர்வுக்கு வேர் ஆழ்மனத்தில் புதைந்த பழைய காயம், அறிதுயில் அதைத் தோண்டும் கருவி என்ற பிராய்டிய எண்ணமே இந்த அச்சத்தின் அடிப்படை.

அந்த அடிப்படையை ஆட்டியவர் அறிதுயில் வல்லுநர் அல்லர். ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர். தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் நம்பிக்கையின்றி நோக்கும் சிந்தனைப் பழக்கமே மனச்சோர்வைத் தாங்கி நிற்கிறது என்று 1960களில் அவர் காட்டினார். அப்படியானால் பழையதைத் தோண்ட வேண்டியதில்லை. இன்றைய சிந்தனைப் பழக்கத்தை மாற்றினால் போதும். இவ்வழியில் அறிதுயிலைப் பயன்படுத்தலாம் என்று மைக்கேல் யாப்கோ 1992இல் ஒரு நூலே எழுதினார். எதிர்காலத்தில் ஒரு நல்ல நாளை மனக்கண்ணில் காணப் பயிற்றுவது, ஓயாமல் அசைபோடும் எண்ணத்திலிருந்து கவனத்தைத் திருப்பக் கற்பிப்பது போன்றவை இதன் உத்திகள்.

சான்றுகள் சொல்வது

கனடாவில் அசன் அலாடின், அமினா அலிபாய் ஆகியோர் 84 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சையுடன் அறிதுயிலைச் சேர்த்துப் பெற்றவர்கள், அச்சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக முன்னேறினர். ஜெர்மனியின் டூபிங்கனில் 152 பேரிடம் நடந்த சமவாய்ப்பு ஆய்வு 2021இல் வெளிவந்தது. இலேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு அறிதுயில் சிகிச்சை, அறிவுசார் நடத்தைச் சிகிச்சையைவிடக் குறைந்ததன்று என்பது அதன் முடிவு.

இந்த எண்ணிக்கைகள் சிறியவை. அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கும் மருந்துகளுக்கும் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் பெற்ற சான்று உள்ளது. ஆகவே பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டுதல், மருந்துக்குக் கட்டுப்படாத எரிச்சல்கொள் குடல் நோய்க்கு இம்முறையைப் பரிந்துரைத்தாலும், மனச்சோர்வுச் சிகிச்சைகளின் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை.

பழைய அச்சம் முழுவதும் பொய்யுமன்று. 'மறந்த நினைவுகளை மீட்கிறேன்' என்று அறிதுயிலைப் பயன்படுத்தியதால் நடக்காத நிகழ்வுகளை நடந்தவையாக நம்பியவர்கள் 1980கள், 1990களில் பலர். மேடையில் வித்தை காட்டுபவரும் ஒரு வாரப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவரும் மனச்சோர்வைக் கையாள முற்படுவது ஆபத்தானது. டூபிங்கன் ஆய்வில் சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கும் கடுமையான மனச்சோர்வு கொண்டவர்களுக்கும் மனநல மருத்துவரின் சிகிச்சையே முதலில் வேண்டும். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.