அம்பு தீராத தூணியும் சத்தம் போடுற தூணியும்

மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போனவங்க எல்லாரும் எடுக்கிற போட்டோ ஒண்ணு இருக்கு. சிங்கத்து மேல உட்கார்ந்து துர்க்கை வில்லை இழுக்கிற காட்சி. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. நம்ம கதைகளும் அப்படித்தான், எய்யுற அந்த ஒரு நொடியைத்தான் கொண்டாடும். இந்த எபிசோட் அதுக்கு முந்தின பல மணி நேரத்தைப் பத்தி. அம்பைத் தூக்கிக்கிட்டு, சத்தமே இல்லாம, தன்னையும் குத்திக்காம காட்டுக்குள்ள எப்படி நடந்தாங்க?

முதல்ல இடத்தை மனசுல வைங்க. கூடுவாஞ்சேரில இருந்து வண்டலூர் பக்கம் மிச்சமிருக்கிற காட்டைப் பார்த்திருப்பீங்க. சினிமால வர்ற உயரமான மழைக்காடு கிடையாது. காரையும் சூரையும் மண்டின முட்புதர். இதுல அம்புக்கட்டை இடுப்புல தொங்கவிட்டா, பத்தடிக்கு ஒரு தடவை முள்ளு பிடிச்சு இழுக்கும். ஒரு கைல வில், இன்னொரு கை புதரை விலக்க வேணும். மிச்சம் இருக்கிறது முதுகு.

பெரியபுராணத்துல கண்ணப்பர் வர்ற காட்சியை இந்தக் கண்ணோட பாருங்க. ஒரு கைல வில்லும் அம்பும், மறு கைல இறைச்சி வெச்ச இலைக்கல்லை, தலைமுடில பூ, வாய்ல தண்ணி. பக்தியை விட்டுட்டு ஒரு இன்ஜினியரா பார்த்தா, உடம்புல சும்மா இருக்கிற இடமே முதுகு ஒண்ணுதான்!

ஆனா முதுகுல மாட்டினா மூணு தலைவலி. குனிஞ்சா தூணியோட வாயும் சேர்ந்து குனியும், அம்பு வழுக்கித் தலைக்கு மேல கொட்டும். கீழ விழுந்தா, அடிப்பக்கம் மெலிசா இருந்தா முனை கிழிச்சிட்டு வெளிய வரும், அது நேரா நம்ம இடுப்புல. மூணாவதுதான் பெருசு: சத்தம். மூங்கில் குழாய்க்குள்ள மரக்குச்சிங்க ஒண்ணோட ஒண்ணு மோதுற அந்த லொடலொட. புள்ளிமானுக்கு அது போதும். ஒரு மான் எச்சரிக்கைக் குரல் கொடுத்தா, சுத்துவட்டாரமே காலி. அன்னைக்கு வீட்ல அடுப்பு எரியாது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. தூணி நிறைய இருந்தா சத்தம் வராது. இறுக்கமா இருக்கிற குச்சிக்கு ஆட இடம் கிடையாது. ஒவ்வொரு அம்பா குறையக் குறைய, மிச்சம் இருக்கிறது ஆட ஆரம்பிக்கும். அதாவது, வேட்டை சரியா அமையாத நாள்ல, சாயங்காலம் ஆக ஆக உங்க முதுகே உங்களைக் காட்டிக் கொடுக்கும். இன்னைக்கு வில்வித்தை பழகுறவங்க தூணிக்கு அடியில கம்பளித் துண்டு திணிக்கிறது இதுக்குத்தான். தோல் தூணின்னா இன்னும் நல்லது, அம்புகளை அணைச்சுப் பிடிக்கும்.

நம்ம வட்டாரத்துக்கு இதுக்கு ஒரு பழைய சாட்சி இருக்கு: பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடின 500 அடிப் பாட்டு. அதுல வர்ற நீர்ப்பெயற்றுங்கிற துறைமுகம் மாமல்லபுரமா இருக்கலாம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. அந்தப் பாட்டுல வேட்டைக்காரங்க மழை இல்லாத காலத்துல, தண்ணிக்காகத் தோண்டின குழிக்குள்ள ஒடுங்கி உட்கார்ந்து, நடுராத்திரி காட்டுப்பன்றி வரக் காத்திருப்பாங்க. பன்றி சிக்கலைன்னா, மறுநாள் பகல்ல நாயையும் வலையையும் எடுத்துக்கிட்டு முயலுக்குப் போவாங்க. குழிக்குள்ள இருட்டுல இருக்கிறவனுக்கு, பக்கத்துல ஒரு அம்பு உருண்டாலே பன்றி போச்சு, மறுநாள் முயல்தான். அதுவும் நிச்சயமில்ல.

அதே பாட்டுல எயினர் வீட்டுப் பந்தல்ல அம்புக்கட்டு தொங்கும். புலவர் அதை மலைல தொங்குற தேனடைக்கு ஒப்பிடுறார். ஏன் தேனடை? அம்போட பின்முனைல நாணைப் பொருத்த ஒரு பிளவு இருக்கும்ல, அந்தப் பிளவுகள் நெருக்கமா வரிசை கட்டி வெளிய தெரிஞ்சா, தூரத்துல இருந்து தேனடை மாதிரிதான் இருக்கும். அப்போ கூர்முனை எல்லாம் மறுபக்கம். இது முதுகுத் தூணி இல்ல, பந்தல்ல தொங்கின கட்டு. ஆனா அடுக்குற முறை அதேதான்: முனை உள்ள, பிளவு வெளிய, நடுவுல இடைவெளி கிடையாது.

நிஜத் தூணி எப்படி இருந்திருக்கும்னு கண்ணால பார்க்க ஆல்ப்ஸ் மலைக்குத்தான் போகணும். 1991-ல பனிக்குள்ள கிடைச்ச ஓட்ஸி, சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தின மனுஷன். அவர் தூணி மான் தோல்னு 2016-ல வந்த மரபணு ஆய்வு சொல்லுது. அது மடங்காம நிக்க, நீளத்துக்கு ஒரு மரக்குச்சியை வெச்சுத் தைச்சிருக்காங்க. உள்ள 14 அம்பு, ஆனா எய்யத் தயாரா முனை கட்டினது வெறும் 2. செத்தது எதனால? யாரோ பின்னாடி இருந்து எய்த அம்பு. 2001-ல எக்ஸ்ரே எடுத்தப்போதான் இடது தோள்ல முனை தெரிஞ்சுது.

இப்போ தமிழ் வார்த்தைகளுக்கு வருவோம். ஆவநாழிகைன்னா அதுல நாழி இருக்கு, குழாய் வடிவம். புட்டில்னா கூடையையும் குறிக்கும். அம்புக்கூடுன்னும் சொல்வாங்க (கூடுவாஞ்சேரிக்கும் அதுக்கும் முடிச்சு போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க). இதெல்லாம் பொருளைப் பார்த்து வெச்ச பேர். அம்பறாத்தூணி மட்டும் வேற ரகம். பிரிச்சா, அம்பு அறாத தூணி, அம்பு தீரவே தீராதது. காண்டவ வனத்தை எரிக்கிறப்போ அர்ஜுனனுக்குக் காண்டீவத்தோட கிடைச்சதும் அப்படி ரெண்டு தூணிதான். குழந்தைத்தனமான கற்பனைன்னு இதைத் தள்ளிட முடியல. தூணி காலியாகக் காலியாக என்ன ஆகும்னு தெரிஞ்ச யாரோ கண்ட கனவுன்னுதான் எனக்குத் தோணுது. தீராத தூணி லொடலொடன்னு ஆடவும் ஆடாது பாருங்க.

நம்ம ஊர் வெயிலும் மழையும் கரையானும் தோலையும் மூங்கிலையும் விட்டு வைக்காது. இரும்பு மட்டும் தப்பிச்சுது. மதுராந்தகம் பக்கம் சானூர்ல 1950-களோட தொடக்கத்துல தோண்டின பெருங்கற்காலக் கல்லறைகள்லயும் இரும்புக் கருவிகள் கிடைச்சுது. ஆதிச்சநல்லூர்ல அலெக்ஸாண்டர் ரீ தோண்டி எடுத்த இரும்பு ஆயுதங்களைப் பார்க்கணும்னா எழும்பூர் மியூசியத்துக்குப் போங்க. கூடுவாஞ்சேரில மின்சார ரயில் ஏறினா நேரா எழும்பூர்தான். அங்க கண்ணாடிக்குப் பின்னாடி இரும்பைப் பார்க்கலாம், அதைச் சுமந்துட்டு நடந்த தூணியை நாமதான் நினைச்சுப் பார்க்கணும்.