சுவர்க் கடிகாரமும் உடற்கடிகாரமும்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிங்கப்பூர் வீழ்ந்ததும், மலாயா, சிங்கப்பூர்க் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டன. தோக்கியோவின் நேரமே இனி இங்கும் நேரம் என ஜப்பானிய ஆட்சி வகுத்தது. கடிகார முள் ஆணைக்குப் பணிந்தது. பால்மரம் எந்த ஆட்சியிலும் அவ்வாறு பணிந்ததில்லை. வெயில் ஏறுமுன், குளிர்ந்த வைகறையில்தான் அதன் பால் நன்கு வடியும். நம் தோட்ட மக்கள் இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்றதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மரம் கதிரவனுக்குப் பணிகிறது. மனித உடல் எதற்குப் பணிகிறது? இவ்வினாவுக்கு அறிவியல் விடை கண்ட வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

அவ்வரலாறு ஒரு செடியில் தொடங்குகிறது. நம் திடல்களில் படர்ந்து கிடக்கும் தொட்டாற்சுருங்கி பகலில் இலை விரித்து, இரவில் மூடிக்கொள்வதை நாம் அறிவோம். 1729இல் பிரெஞ்சு வானியலாளர் டி மெய்ரான் இத்தகைய செடியொன்றை ஒளி புகாத இடத்தில் வைத்தார். அங்கும் அது பகற்பொழுதில் விரிந்தது, இரவில் கூம்பியது. நூறாண்டுக்குப் பின், 1832இல், சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் டி கண்டோல் அடுத்த படியை எடுத்து வைத்தார். மாறாத சூழலில் வைத்த செடியின் சுழற்சி 22 முதல் 23 மணி நேரமாகக் குறுகியதை அவர் கண்டறிந்தார். வெளியுலகின் நாள் 24 மணி நேரம். செடியின் நாளோ அதனின் வேறு. ஆகவே, அக்கணக்கு செடிக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

மனிதனுக்கும் அத்தகைய கணக்கு உண்டா? 1938இல் நத்தானியேல் கிளைட்மன், தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் மாமத் குகையில் 32 நாள் தங்கி, 28 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொண்டு வாழ முயன்றார். இளைஞரான மாணவர் பழகிக்கொண்டார். கிளைட்மனின் உடல் வெப்பநிலையோ 24 மணி நேரச் சுழற்சியை விடவில்லை. 1962இல் பிரெஞ்சு இளைஞர் மிஷேல் சிஃப்ர் ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் கடிகாரமின்றி இரு மாதம் தனித்திருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைக்கப்பட்டபோது, அன்று ஆகஸ்டு 20 என்றே அவர் எண்ணியிருந்தார். அவர் மனம் 25 நாளைத் தொலைத்திருந்தது. ஆயினும் அவர் உறங்கி எழுந்த முறை 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டியதாய் அமைந்திருந்தது. மனம் மறந்த நாளை உடல் எண்ணிக்கொண்டிருந்தது.

அவ்வாறு எண்ணும் கருவி எது? 1971இல் கொனாப்காவும் பென்சரும் பழ ஈயின் நாட்சுழற்சியை ஆளும் மரபணுவைக் கண்டனர். மறு ஆண்டிலேயே, பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே இருப்பது புலனாயிற்று. 1984இல் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகியோர் பழ ஈயின் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அது உருவாக்கும் புரதம் இரவில் திரண்டு, தன்னை உருவாக்கிய மரபணுவையே அடக்குகிறது. பகலில் சிதைந்ததும் மரபணு மீண்டும் இயங்குகிறது. இப்பணிக்காக மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிட்டியது.

மனிதனின் உடற்கடிகாரத்தை நாள்தோறும் திருத்துவது கண்வழிப் புகும் ஒளி. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகளை வகுத்த நம் முன்னோரும் வானத்து ஒளியைக் கொண்டே வகுத்தனர். நம் சுவர்க் கடிகாரமோ வேறு வழியிற் சென்றது. 1905இல் கிரீன்விச் நேரத்திற்கு 7 மணி நேரம் முன்னதாக இருந்த இங்குள்ள நேரம், 1933இல் மேலும் 20 நிமிடமும் 1941இல் 10 நிமிடமும் நகர்ந்தது. போர் முடிந்ததும் தோக்கியோ நேரம் நீங்கியது. 1982 ஜனவரி முதல் நாள், சபா, சரவாக்குடன் ஒன்றுபட வேண்டித் தீபகற்ப மலேசியா 8 மணி நேரக் கணக்கிற்கு மாறியது. சிங்கப்பூரும் உடன் மாறியது. அதனால் சிங்கப்பூரில் இன்று கதிரவன் உச்சியை அடைவது ஏறத்தாழ ஒரு மணிக்கே. விடிவதும் ஏழு மணியளவில்தான்.

இம்மாற்றத்தின் சுமை மாணவர்மேல் மிகுதியாக விழுகிறது. பருவ வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்தங்குகிறது; உறக்கத்திற்கு ஆயத்தமாக்கும் மெலட்டோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டிய பிள்ளை, பின்னிரவில் கண்ணயர்ந்து, விடியுமுன் எழுப்பப்படுகிறது. சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016இல் தன் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியது. மாணவியரின் உறக்கம் கூடியதையும் பகல் சோர்வு குறைந்ததையும் ஆய்வாளர் பதிவு செய்தனர்.

முதற்பாடத்தில் தலைசாயும் மாணவனைச் சோம்பேறி என்று முடிவுகட்டுமுன், அவன் உடலுக்கு அப்போது மணி என்னவென்று ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவருக்கும் இதிற் பங்குண்டு: இரவில் கைப்பேசியின் ஒளி உடற்கடிகாரத்தை மேலும் பின்னிழுக்கும்; காலை வெயில் அதனை முன்கொணரும். பள்ளி மணியை மாற்றுவது நம் கையில் இல்லாமற் போகலாம். படுக்கையறை விளக்கை நேரத்தோடு அணைப்பது நம் கையில்தான் இருக்கிறது.