முப்பத்தாறுக்கு அப்புறம்

கெட்டிமேளத்துக்கு முன்னால் ரோலில் ஆறு ஷாட்டாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருப்பதைச் சுற்றிக் கழற்றிவிட்டுப் புது ரோல் போட்டுவிட வேண்டும். 1993ல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தபோது மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. லென்ஸைத் துடைக்க விட்டதுகூட அதற்கு அப்புறம்தான். “மாப்பிள்ளை ரெண்டாம் தடவை தாலி கட்ட மாட்டாருடா” என்பார்.

ரோல் தீரப்போவது லீவரை இழுக்கும் கட்டைவிரலுக்கே தெரிந்துவிடும். பேட்டரி பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. எங்கள் கேமராவில் லைட் மீட்டருக்கு மட்டும் ஒரு பட்டன் செல். அது செத்தாலும் ஷட்டர் விழும். ஃப்ளாஷுக்கு நாலு பென்சில் செல். கரண்டோடு எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

அந்த நிம்மதிக்கு முடிவு கட்டிய டிஜிட்டல் கேமராப் பெட்டி 1975லேயே அமெரிக்காவின் ராசெஸ்டரில் பிறந்துவிட்டது. கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் செய்தது. எடை மூன்றரை கிலோவுக்கு மேல். 16 நிக்கல்-காட்மியம் பேட்டரி. ஒரு படம் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி. ஒரு டேப்புக்கு 30 படம் என்று அவர் கணக்கு வைத்தார். 24 பட ரோலுக்கும் 36 பட ரோலுக்கும் நடுவில் இருக்கட்டுமே என்றுதான். ஃபிலிமைக் காலி செய்யப் பிறந்ததற்கும் ஃபிலிம் ரோல்தான் அளவுகோல்!

பிறகு டேப்புக்குப் பதில் மெமரி கார்டுகள்: 1994ல் காம்பேக்ட் ஃப்ளாஷ், அடுத்த ஆண்டு ஸ்மார்ட் மீடியா, 1999ல் எஸ்டி கார்டு, 2002ல் எக்ஸ்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. ஸ்மார்ட் மீடியா 128 எம்பியோடு நின்றுபோனது. எக்ஸ்டி 2 ஜிபியைத் தாண்டவில்லை. இரண்டும் இன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. செருகுவதற்குக் கேமராதான் இல்லை.

நான் டிஜிட்டலுக்கு மாறியது 2005ல். 6 மெகாபிக்சல் கேமரா, 256 எம்பி கார்டு ஒன்று. நல்ல தரத்தில் வைத்தால் எழுபது சொச்சம் படம். இரண்டு ரோல் கணக்குதான். ஆனால் கட்டைவிரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையில் இருக்கும் எண் உத்தேசம்தான். பட்டுப்புடவை, பூ அலங்காரம் என்று நுணுக்கம் கூடினால் ஒவ்வொரு படமும் கூடுதல் இடம் பிடிக்கும், எண் சரசரவென்று இறங்கும். 2 ஜிபி கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டால் 1.86 என்று காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போன நண்பர்கள் உண்டு. பாவம், அவர் மேல் தப்பில்லை. கார்டு செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது.

ஒரு கல்யாணத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர், “புது 4 ஜிபி கார்டு தம்பி, கேமரா எடுக்கவே மாட்டேங்குது” என்று வந்து நின்றார். 2006ல் வந்த எஸ்டிஎச்சி வகை அது. வடிவம் பழைய எஸ்டி போலவே இருப்பதால் சிக்கென்று உள்ளே போய்விடும். பழைய கேமராவுக்கோ 2 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. என்னிடமிருந்த 1 ஜிபியைக் கொடுத்தேன். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு முதல் இலை போட்டுவிட்டார்.

எனக்கே விழுந்த அடி வேறு. பாதி விலைக்கு ஒரு 8 ஜிபி கார்டு. உள்ளே இருந்தது 2 ஜிபிதான். பொய் அளவு சொல்லும்படி அதைத் திருத்தி வைத்திருந்தார்கள். முகூர்த்தம் தப்பித்தது. ரிசப்ஷன் படங்கள் எல்லாம் பாதிக்குக் கீழே சாம்பல் பூசினாற்போல் இருந்தன. பெண்ணின் அப்பா திட்டவில்லை. ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அதற்கப்புறம் எந்தப் புதுக் கார்டையும் விளிம்புவரை நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்காமல் பையில் வைப்பதில்லை. பெரிய கார்டு ஒன்றைவிடச் சின்னது நாலு மேல் என்பது என் கட்சி.

பேட்டரி விஷயத்தில் எங்கள் தொழிலே ஒரு தப்பைப் பரம்பரையாகக் காப்பாற்றியது. “முழுசாத் தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்” என்பது வீடியோக்காரர்களின் வேதவாக்கு. நிக்கல்-காட்மியத்துக்கு அதில் நியாயம் இருந்தது. 1991ல் கடைக்கு வந்த லித்தியம்-அயனுக்கு அதுவே விஷம். அடியோடு தீர்ந்து கிடந்தால் உள்ளே இருக்கும் காப்புச் சுற்று கதவைச் சாத்திக்கொள்ளும். சார்ஜர் விளக்கு படபடவென்று மின்னும், ஏறாது. குருபக்தியால் நான் கொன்ற பேட்டரி இரண்டு.

எல்லா மின்னலும் சாவு இல்லை. சந்தனமும் வியர்வையும் பட்ட விரலால் பேட்டரி மாற்றுகிறோம். அந்த அழுக்கு தகட்டில் படிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தகடுகளை நாலு தேய்ப்பு தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துப் போட்டால் பல சமயம் விளக்கு நிதானமாகிவிடும். சமையற்கட்டுப் பக்கம் வைத்து சூடேறியிருந்தால் ஆறவிட வேண்டும்.

2012ன் மின்வெட்டை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சென்னையைத் தாண்டினால் பாதி நாள் கரண்ட் கிடையாது. மண்டப ஜெனரேட்டர் மேடைக்கும் ஃபேனுக்கும்தான் ஓடும். மாப்பிள்ளை அறை பிளக் பாயின்ட் செத்துக் கிடக்கும். எங்கள் மூன்று சார்ஜரையும் அந்த வருஷம் முழுக்கக் காப்பாற்றியது மைக்செட்காரர்கள்தான். ஆம்ப்ளிஃபயர் பின்னாலிருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் ஓர் ஓட்டை விட்டுத் தருவார்கள். பதிலுக்கு அவர்களை ஒரு குரூப் போட்டோவில் நிறுத்துவேன்.

மாஸ்டர் 1993ல் எடுத்த நெகட்டிவ்கள் ரேழி பீரோவில் உறையோடு இருக்கின்றன. கேட்டால் இன்றும் பிரின்ட் போடலாம். கரண்ட் பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும் கார்டு அப்படியில்லை, உள்ளே இருப்பதை மெல்ல மெல்ல இழக்கும். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய கேமரா இருக்கும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள். கார்டை மட்டும் உருவி, இந்த ஞாயிற்றுக்கிழமையே காப்பி எடுத்துவிடுங்கள்.