பெட்டிக்குள் இருந்த காகிதம்

லெனார்டு நாடல் 1956-இல் எடுத்த ஒரு புகைப்படத்திலிருந்துதான் பிரசேரோக்களைப் பற்றிய என் வாசிப்பு தொடங்கியது. இடம், டெக்சாஸின் ஹிடால்கோ பதிவு மையம். மெக்சிகோவிலிருந்து வயல் வேலைக்கு வந்த ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முகமூடி அணிந்த ஒருவர் அவர்கள்மீது டிடிடி மருந்தைப் பீய்ச்சுகிறார். வெகுநேரம் எனக்கு அந்த முகமூடிதான் கண்ணில் நின்றது. அடிப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு, அடிக்கப்படுபவருக்கு இல்லை.

ஸ்பானிய மொழியில் 'பிரசோ' என்றால் கை. அமெரிக்கா கேட்டதும் கைகளைத்தான். போர்க்கால ஆள் பற்றாக்குறையைச் சொல்லி 1942-இல் தொடங்கிய திட்டம், போர் முடிந்த பிறகும் 1964 வரை ஓடியது. சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். (46 லட்சம் பேர் அல்ல, ஒரே ஆள் பலமுறை போய் வந்தார்.) ஒப்பந்தம் ஆண்களுக்கு மட்டுமே. மனைவி, மக்களுக்கு அதில் இடமில்லை.

கலிஃபோர்னியா வயல்களில் அவர்கள் கையில் இருந்தது 'எல் கோர்த்தீத்தோ', குட்டைக் காம்புள்ள களைக்கொத்து. நாள் முழுக்க இரண்டாக மடிந்துதான் வேலை செய்ய முடியும். நீளக் காம்பு செய்யத் தெரியாமலா? குனிந்தே இருந்தால், யார் நிமிர்ந்து இளைப்பாறுகிறார் என்பது மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும். திட்டம் முடிந்து பத்தாண்டு கழித்து, 1975-இல்தான் அங்கே அது தடைசெய்யப்பட்டது.

ஊரில் நின்ற பெண்களைத் தேடினால் ஆவணங்கள் மௌனம் சாதிக்கின்றன. ஹாலிஸ்கோ மாநிலத்தின் ஓர் ஊரை வைத்து அந்தக் குடும்பங்களின் வரலாற்றை எழுதியவர் ஆனா எலிசபெத் ரோசஸ். நிலம், கடன், பிள்ளைகள், மாமியார், பணம் வராத மாதங்கள்: எல்லாம் பெண்கள் தலையில். இதைக் 'காத்திருத்தல்' என்று எழுதுபவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. அது வேலை, கூலியில்லாத வேலை.

தொடக்க ஆண்டுகளில் கூலியில் 10 சதவீதம் சேமிப்பு என்று பிடிக்கப்பட்டு மெக்சிகோ வங்கிகளுக்குப் போனது. பலருக்கு அது திரும்பவே இல்லை. நீண்ட வழக்குக்குப் பின், 2008-இல் ஒரு சமரசம் வந்தது: அமெரிக்காவில் வாழும், போர்க்காலத்தில் உழைத்த பிரசேரோக்களுக்கு, அவர்கள் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு, ஆளுக்கு 3,500 டாலர். ஆனால் வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும்.

அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒப்பந்தத் தாளை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? வயலுக்கு வயல் அலைந்தவரா? துணிப் பெட்டியின் அடியில் அதை மடித்து வைத்த கை மனைவியுடையதாகவோ மகளுடையதாகவோதான் பெரும்பாலும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விண்ணப்பத்தில் அவள் 'வாரிசு'.