மணற்கடிகாரம் ஓடிய பத்து மாதம்

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை போகும்போதெல்லாம் மாமா வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருக்கும். அதற்கும் முப்பது ஆண்டுக்கு முந்தைய கதை ஒன்று சொல்கிறேன்.

1946 மே 9. எங்கள் புதுவை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நியூயார்க்கில் என்.பி.சி. நிறுவனம் "அவர் கிளாஸ்" என்ற ஒரு மணி நேரப் பல்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கியது. பெயருக்கு மணற்கடிகாரம் என்று பொருள். வியாழன்தோறும் பாட்டு, நடனம், நகைச்சுவை, குறுநாடகம் என்று நடந்தது. தொகுத்து வழங்கியவர் ஹெலன் பாரிஷ் என்ற இளம் திரைப்பட நடிகை. எல்லாமே நேரடி ஒளிபரப்பு. எங்கள் பிரெஞ்சுப் பள்ளி வழக்கில் சொன்னால், "ஆன் திரெக்த்". தவறினால் திருத்த வழியில்லை. விளக்குகளின் வெப்பமோ தாங்க முடியாது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. தொலைக்காட்சியில் நேரில் வாசிக்கக் கூடாது என்று இசைக்கலைஞர் சங்கத் தலைவர் பெட்ரில்லோ தடை போட்டிருந்தார். பதிவு செய்த இசையை வைத்துத்தான் சமாளித்தார்கள். ஆனாலும் பெரிய கலைஞர்கள் வந்தார்கள். வானொலியில் புகழ்பெற்ற எட்கர் பெர்கன், தம் பேசும் பொம்மையோடு அந்த நவம்பரில் வந்தார்.

செலவை ஏற்றது ஸ்டாண்டர்ட் பிராண்ட்ஸ் என்ற காப்பி, தேயிலைக் கம்பெனி. நடுநடுவே காப்பியின் பெருமையை நிமிடக்கணக்கில் பேசுவார்களாம். மொத்தச் செலவு சுமார் 2 லட்சம் டாலர் என்கிறார்கள். நியூயார்க்கிலும் பக்கத்து ஊர்கள் சிலவற்றிலும் சில ஆயிரம் வீடுகளில்தான் அப்போது பெட்டி இருந்தது. பார்க்க ஆளில்லாத இடத்தில் எவ்வளவு காப்பி விற்கும்? 1947 மார்ச்சில் கம்பெனி விலகியது, நிகழ்ச்சியும் நின்றது.

அடுத்த ஆண்டே மில்டன் பெர்ல், எட் சல்லிவன் ஆகியோரின் பல்சுவை நிகழ்ச்சிகள் வந்து கொடிகட்டிப் பறந்தன. பாதை போட்டவர்களை யாரும் நினைக்கவில்லை. நினைக்கப் படச்சான்றும் இல்லை. தொலைக்காட்சித் திரையைப் படச்சுருளில் பதியும் முறை, இது நின்ற பிறகே புழக்கத்துக்கு வந்தது. எஞ்சியவை சில ஒலிப்பதிவுகளும் புகைப்படங்களும் மட்டுமே.

காலமெல்லாம் கோப்புகளைக் கட்டிக் காத்த குமாஸ்தா நான். செல்லாத ரசீதைக்கூட எண் போட்டு வைப்போம். அத்தனை பேர் வியர்வை சிந்தி ஆடிய ஆட்டத்துக்கு ஒரு கோப்பு இல்லையே என்றுதான் வருத்தம். நாம் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவையும் அப்படித்தான். நினைவிருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.