மொரோக்கோ வீடு: தெருவுக்கு வெறும் சுவர்



கொழும்புப் பக்கம் தொடர்மாடி வீடு எடுக்கும் நம் இளம் குடும்பங்களிடையே இப்போது "மொரோக்கோ ஸ்டைல்" பேச்சு அடிபடுகிறது. நட்சத்திரக் கோலம் போட்ட டைல்ஸ், துளையிட்ட பித்தளை விளக்கு, வளைவு வைத்த கதவு. முஸ்லிம்களின் கலை என்பதால் நமக்கும் அதில் ஒரு பிரியம் இருக்கிறது. இரண்டு அறை வீட்டுக்குள் இவை எல்லாவற்றையும் கடன்பட்டு நிரப்புவதற்கு முன், இந்தக் கலை எப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

மொரோக்கோவின் பழைய தலைநகரமான பெஸ், 8 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்ரீஸிகள் நிறுவிய நகரம். 818 இல் ஸ்பெயினின் குர்துபாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது, துரத்தப்பட்ட குடும்பங்கள் இங்கே வந்து ஆற்றின் ஒரு கரையில் குடியேறின. துனீசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறுகரையில் குடியேறினார்கள். 1492 இல் கிரனாடா வீழ்ந்த பிறகும் அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். மதில் சூழ்ந்த ஊர் என்பதால் சனம் கூடக்கூட இடம் குறைந்தது. ஒழுங்கைகள் ஒடுங்கின, வீடுகள் நெருக்கமாக மேலே உயர்ந்தன.

அந்த வீடுகளைத் தெருவில் நின்று பார்த்தால் வெறும் சுவர்தான். உள்ளே இருப்பவர் செல்வந்தரா, சாதாரண ஆளா என்று சொல்வது கஷ்டம். கதவைத் திறந்தாலும் நடை ஒரு முறை திரும்பித்தான் உள்ளே போகும். வாசலில் நிற்பவரின் பார்வை வீட்டாரின் மேல் விழாது. அதைத் தாண்டினால் வானம் தெரியும் முற்றம். காற்றும் வெளிச்சமும் அங்கிருந்துதான் வீட்டுக்கு வரும்.

அறைகள் நீளமானவை, அகலம் குறைந்தவை. கூரையைத் தாங்கும் தேவதாரு உத்தரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அறையின் அகலம். சுவரோரமாகத் தாழ்ந்த இருக்கைகள் ஓடும். நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். சாப்பாட்டு நேரம் ஒரு வட்ட மேசை வரும், நம் சஹனைச் சுற்றி உட்காருவது போல எல்லாரும் உட்காருவார்கள், பிறகு மேசை போய்விடும். இரவில் அதே இருக்கைதான் படுக்கை.

அலங்காரத்துக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. பெஸ் நகரின் பூஇனானிய்யா மத்ரஸாவில் (1350–1355) அதைத் தெளிவாகக் காணலாம். கையும் தோளும் உரசும் கீழ்ச்சுவரில் ஸெல்லிஜ், அதாவது மெருகிட்ட ஓட்டுத் துண்டுகள், கழுவலாம், தேயாது. அதற்கு மேலே, கை படாத உயரத்தில், மென்மையான சாந்தில் செதுக்கிய வேலை. உச்சியில் தேவதாரு மரம். ஸெல்லிஜ் துண்டு ஒவ்வொன்றையும் சுத்தியலால் கொத்தி எடுத்து, முகம் கீழே இருக்க அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றுவார்கள். இந்த வேலையில் தேர்ந்த கைவினைஞரை "முஅல்லிம்" என்றே அழைக்கிறார்கள். மரகேஷின் பின் யூசுப் மத்ரஸாவில் முற்றம் முழுக்க வேலைப்பாடு. மாணவர்கள் தங்கிய சுமார் 130 அறைகளோ சின்னஞ்சிறியவை, எளியவை.

பூஇனானிய்யாவைக் கட்டிய சுல்தான் அபூ இனானுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1344 இல் புத்தளத்தில் இறங்கி பாவாதமலை ஏறிய இப்னு பதூதா, மொரோக்கோவின் தன்ஜியரில் பிறந்தவர். அவருடைய பயணங்களை எழுதிவைக்கக் கட்டளையிட்டவர் இதே சுல்தான்தான். மத்ரஸா முடிந்த 1355 இலேயே அந்த நூலும் முடிந்தது. நம் தீவைப் பற்றி அவர் சொன்னவை ஏட்டில் ஏறியதும் அந்தக் காலத்தில்தான்.

ஆகவே மொரோக்கோ பாணி வேண்டுமென்றால், சிறிய வீட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும். தண்ணீரும் கையும் படும் ஒரு சுவருக்கு மட்டும் நல்ல டைல்ஸ் போடுவோம். மற்றச் சுவர்களுக்கு வெள்ளை போதும். பெரிய சோபா செட்டுக்குப் பதிலாகச் சுவரோரத் தாழ்ந்த இருக்கை வைத்தால் பிள்ளைகளுக்கு ஓடியாட நடுவில் இடம் கிடைக்கும், விருந்தாளிக்குப் படுக்கவும் இடம் கிடைக்கும். நம் தொடர்மாடிக் கதவுகள் பல நேரே ஹோலுக்குள் திறக்கின்றன. கதவருகே ஒரு மரத் தட்டி வைத்தால் பெஸ் வீட்டின் அந்தத் திருப்பம் நமக்கும் கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் கடன் வாங்கத் தேவையில்லை. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கம் நம்முடையது. புதுவீடு போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்போம்.